ஸ்வெட்டரோடு எடுத்த எடை

நீலகிரியில் கோடை வந்தால் குழந்தைகள் இளைத்துவிடுவார்கள் என்று எங்கள் அலுவலகம் பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாத ஆய்வுக் கூட்டத்தில் அந்தக் கேள்வி தவறாமல் வரும். மாவட்டம் முழுக்க அங்கன்வாடிப் பிள்ளைகளின் எடை ஏன் இறங்கியிருக்கிறது? மேற்பார்வையாளர்கள் நாங்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருப்போம். லீவுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், வெயில் ஒத்துக்கொள்வதில்லை என்பார் ஒருவர். சீசன் நேரம், அம்மாக்களுக்கு வேலை அதிகம், கவனிப்பு குறைகிறது என்பார் இன்னொருவர். மாம்பழத்தின் மேல் பழி போட்டவர்களும் உண்டு. அதிகாரி குறித்துக்கொள்வார். பனி இறங்கும் மாதங்களில் எடை தானாக ஏறிவிடும். ஏறியதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை. நல்ல சேதிக்கு விளக்கம் கேட்கும் வழக்கம் அரசாங்கத்தில் கிடையாது என்று நான் அப்போது நினைத்திருந்தேன்.

என் வேலை, என் பகுதியிலுள்ள அங்கன்வாடி மையங்களுக்குப் போய்ப் பார்ப்பது. கதவு திறந்திருக்கிறதா, சோறு வெந்திருக்கிறதா, முட்டை கொடுத்தார்களா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மாதம் ஒருமுறை எடை எடுத்தார்களா. எடையைப் பணியாளர் போனில் ஏற்றினால் குழந்தையின் பேருக்குப் பக்கத்தில் ஒரு நிறம் வரும். பச்சை என்றால் நல்லபடி. மஞ்சள் என்றால் எடை குறைவு. சிவப்பு என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், கூடுதல் உணவு கொடுக்க வேண்டும். மேலே இருக்கிறவர்கள் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். குழந்தையைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. எனக்கே பல நாள் இருப்பதில்லை, பஸ் அப்படி.

நான் ஊட்டிக்காரி. பெர்ன்ஹில் பக்கம் வீடு. என் அப்பா, அத்தா என்றுதான் கூப்பிடுவோம், மார்க்கெட்டில் கம்பளிக் கடை வைத்திருந்தார். கீழேயிருந்து மெல்லிய சட்டையோடு வந்து இறங்கி நடுங்குகிற சுற்றுலாக்காரர்களால் வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. நூலை எடைக்கு வாங்குவார்கள். மழை மாதத்தில் மட்டும் அத்தா வாங்கமாட்டார். கம்பளி தண்ணி குடிக்கும், தொட்டா தெரியாது, தராசுலதான் தெரியும் என்பார். எனக்குக் கடையில் சிரத்தை இல்லை. அரசாங்க உத்தியோகம்தான் வேண்டும் என்று நின்றேன். அதற்காக வருத்தமும் இல்லை.

எடை எடுக்கும்போது குழந்தைக்கு உடுப்பு குறைவாக இருக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. கையேட்டை எழுதியவர் மின்விசிறி போட்டுக்கொண்டு எழுதியிருப்பார். இங்கே ஐப்பசியிலிருந்து மாசி வரை பிள்ளைகளின் உடம்பிலிருந்து ஸ்வெட்டர் இறங்குவது குளிக்கும்போது மட்டும்தான். அதுவும் தினமும் கிடையாது. உள்ளே ஒரு ஸ்வெட்டர், வெளியே ஒன்று, குரங்குக் குல்லா, கால்சட்டைக்கு மேல் கால்சட்டை. அதோடு தூக்கி மெஷினில் நிறுத்துவோம். நான் பார்த்த எல்லா மையத்திலும் அப்படித்தான். யாரையும் ஏமாற்றுவதற்காக இல்லை. பனிக்குள் பிள்ளையின் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்ல யாருக்கும் மனசு வராது, அவ்வளவுதான். அந்த எடையிலிருந்து துணியின் எடையைக் கழிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோடையில் ஸ்வெட்டர் இறங்கியதும் மாவட்டம் இளைத்தது.

இது எனக்குத் தெரியவந்தது மஞ்சூரைத் தாண்டியிருக்கும் ஓர் எஸ்டேட் மையத்தில். பஸ் விட்டு இறங்கித் தேயிலைக்குள்ளும், அப்புறம் ஒரு சோலைக்காட்டு ஓரமாகவும் நடக்க வேண்டும். ஒரு கூடம், ஒரு சமையலறை, தகரக் கூரை. பணியாளரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர். பெற்றோர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். வீடு மஞ்சூர் பஜாருக்குப் பின்னால். தினமும் பஸ்ஸும் நடையுமாக வந்து போவார். அந்தச் சோலை ஓரத்தில் காட்டெருமை நிற்கும். ஒருமுறை அது தலையைக் குனிந்துகொண்டு வர, இவர் ஓடி விழுந்து முழங்கால் போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. மஞ்சூர் பஜார் மையத்தின் டீச்சர் தை மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடம் தனக்குக் கிடைத்தால் வீட்டிலிருந்து செருப்பு தேய்வதற்குள் வேலைக்குப் போய்விடலாம். வரிசைப்படி இவருக்குத்தான் முறை. ஒரே ஒரு நிபந்தனை. விளக்கம் கேட்டு மெமோ வந்தவர்களுக்கு அந்த வருடம் இடமாறுதல் கிடையாது. இவருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. எனக்கு வந்திருக்கிறது, அது வேறு கதை.

நவம்பரில் ஒரு தூறல் நாள் நான் போனபோது எடை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டுக் குழந்தை, மூன்று வயதுப் பெண், மழையில் நனைந்து வந்திருந்தது. அதன் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டிய அவசரத்தில் வாசலில் நின்றார். டீச்சருக்கு முழங்கால் வலி. நானே குழந்தையைத் தூக்கி மெஷினில் விட்டேன். பச்சை வந்தது. ஆனால் தூக்கும்போது என் கை பிடித்தது கம்பளியைத்தான். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். விலா எலும்பு தட்டுப்பட்டது. எனக்கு அத்தாவின் தராசு நினைவுக்கு வந்தது.

ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் எடுக்கலாம் என்றேன். அந்த அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

"வேண்டாம் மேடம். நெஞ்சுல சளி கட்டுனா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கறது நானு."

அவர் சொன்னதும் நியாயம்தான். நான் கையேட்டைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் முந்திக்கொண்டார்.

"ஏன் புள்ள, மழ நாள்ல உன்ற எலைய நிறுக்கறப்ப தண்ணிக்குன்னு கழிச்சுட்டுத்தான எழுதறாங்க?"

"ஆமாங்க. அநியாயத்துக்குக் கழிப்பாங்க."

"எலைக்கே கழிக்கறாங்க. பாப்பாளுக்குக் கழிக்க வேண்டாமா?"

அம்மா சிரித்துவிட்டார். கொஞ்சம் யோசித்து, அடுப்பு கிட்ட வெச்சுக் கழட்டுங்க, வெளிய வேண்டாம் என்றார். மெஷினைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சமையலுக்கு உதவும் ஆயா குழந்தையின் ஸ்வெட்டர்களைக் கழற்றி அடுப்புக்கு மேலிருந்த கொடியில் போட்டார். மெல்லிய சட்டையோடு அந்தப் பெண் மெஷினில் ஏறி நின்றது. எண் முன்பு வந்ததைவிட வெகுவாக இறங்கி நின்றது. துணியைத் தனியாக நிறுத்தோம். கிட்டத்தட்ட ஒரு கிலோ. அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு கிலோ என்பது பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கிற தூரம். ஆயா காய்ந்து சூடான ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டுவிட்டார். குழந்தை கன்னத்தை அதில் தேய்த்துக்கொண்டது. அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று.

எடையை ஏற்ற டீச்சர் போனை எடுக்கவில்லை. புதிய எடையைப் போட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ஒரு குழந்தைக்கு மட்டும் அப்படி எடுக்க முடியாது, எல்லோருக்கும் எடுக்க வேண்டும். எடுத்தால் போன மாதம் பச்சையாக இருந்த மையம் இந்த மாதம் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும். ஒரே மாதத்தில் பிள்ளைகள் எப்படி இளைத்தார்கள் என்று மெமோ வரும். மெமோ வந்தால் மஞ்சூர் போச்சு. போடாவிட்டால் குழந்தை பச்சையாகவே இருக்கும். பச்சைக் குழந்தைக்கு மருத்துவரும் இல்லை, கூடுதல் உணவும் இல்லை.

நான் ஒரு வழி யோசித்தேன். மாவட்டம் முழுக்க ஒரே மாதத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி எடை எடுத்துவிட்டால் யாரும் தனியாக மாட்டமாட்டார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பதை அலுவலக மொழியில் சொன்னால் அதுதான். அந்த வாரக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். எங்கள் அதிகாரி சமவெளிக்காரர். இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து மப்ளரைக் கழற்றாதவர். கெட்டவர் இல்லை, கேட்டுக்கொண்டார், புரிந்துகொண்டார்.

"நீங்க சொல்றது சரிம்மா. ஆனா ஜனவரியில மாநில ஆய்வு இருக்கு. இப்போ மாவட்டமே மஞ்சளாச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது? ஆய்வு முடியட்டும், செய்யலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக மேற்பார்வையாளர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. தேநீர் வந்தது. பேச்சு முட்டை ஒப்பந்தத்துக்கு மாறிவிட்டது. ஜனவரி வரை எடை குறைந்தே இருக்கும்படி ஒரு குழந்தைக்கு உத்தரவு போட்டதாகத்தான் எனக்குப் பட்டது.

அடுத்த நாளே எஸ்டேட்டுக்குப் போய் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். சமையலறைப் படியில் உட்கார்ந்து கேட்டார்.

"ஜனவரி வரைக்கும் அந்தப் பாப்பா தாங்குமுங்களா மேடம்?"

"தெரியல. நீங்க போட்டீங்கன்னா நானும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன். ஆனா மெமோ உங்க பேருக்குத்தான் வரும். மஞ்சூர் கெடைக்காது. அத மறைச்சுச் சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். ஆயாவைக் கூப்பிட்டு மெஷினை அடுப்படிக்கு எடுத்து வரச் சொன்னார். அன்று எல்லாக் குழந்தைகளையும் ஒவ்வொன்றாக உள்ளே கூப்பிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி, நிறுத்து, சூடான ஸ்வெட்டரைப் போட்டு அனுப்பினார்கள். கொடி முழுக்கச் சின்னச் சின்ன ஸ்வெட்டர்கள் தொங்கின. எங்கள் கடைகூட அவ்வளவு நிறத்தில் ஸ்வெட்டர் வைத்திருந்ததில்லை. போனுக்குச் சிக்னல் கிடைக்க டீச்சர் வாசலுக்குப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஏறிவிட்டது. கடைசி வீட்டுக் குழந்தை சிவப்பு.

அதற்குப் பிறகு காரியம் ஒழுங்காகவே நடந்தது. அரசாங்கத்தையும் சும்மா குறை சொல்லக் கூடாது. மஞ்சூரில் மருத்துவர் பார்த்தார். ஊட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தசோகை, வயிற்றில் பூச்சி, விடாத சளி. மருந்து கொடுத்தார்கள். மையத்தில் கூடுதல் முட்டையும் சத்துமாவு உருண்டையும் கிடைத்தன. சிவப்பு வந்த உடனே எல்லாக் கதவும் திறந்தது. சிவப்பு வருவதற்குத்தான் பாடு.

மெமோவும் ஒழுங்காக வந்தது. இரண்டு குற்றங்கள். ஒன்று, ஒரே மாதத்தில் குழந்தைகளின் எடை குறையும்படி கவனிப்பில் அசட்டையாக இருந்தது. இரண்டாவதை நான் எதிர்பார்க்கவில்லை. பாதுகாப்பு விதிக்கு மாறாகக் குழந்தைகளைச் சமையலறைக்குள் அனுமதித்தது. அடுப்படியில் வைத்து எடை எடுத்தோம் என்று என் அறிக்கையில் நான்தான் பெருமையாக எழுதியிருந்தேன்.

விளக்கம் சொல்ல டீச்சர் ஊட்டிக்கு வந்தார். நானும் கூட இருந்தேன். அவர் பையிலிருந்து ஒரு குழந்தை ஸ்வெட்டரையும் குல்லாவையும் எடுத்து அதிகாரியின் மேசை மேல் வைத்தார்.

"இதுதானுங்க ஐயா. புள்ளைக எளைக்கலீங்க. இதக் கழட்டுனோம்."

அதிகாரி அதைத் தொடவில்லை. மப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்குப் புரியுதும்மா. நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. ஆனா விளக்கம் கேட்டு மேலேயிருந்து வந்தாச்சு. கேட்டதை இல்லைன்னு ஆக்க எனக்கு அதிகாரம் கிடையாது. பதிலை எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

எழுதிக் கொடுத்தார். தை பிறந்தது. மாநில ஆய்வு நல்லபடி முடிந்தது, மாவட்டத்துக்குப் பாராட்டு வந்தது. மஞ்சூர் பஜார் மையத்துக்கு வரிசையில் அடுத்திருந்தவர் போனார். அந்த அம்மாள் மேலும் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் முழங்கால் இருக்கும். ஆய்வு முடிந்ததும் செய்யலாம் என்று அதிகாரி சொன்னாரே, அதை நான் இரண்டு முறை நினைவூட்டினேன். இரண்டு முறையும் நிதியாண்டு முடிகிற நேரம் என்றார்கள். டீச்சர் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏப்ரல் வந்தது. வெயில் வந்தது. ஸ்வெட்டர்கள் இறங்கின. வழக்கம்போல மாவட்டம் இளைத்தது. மாம்பழம், லீவு, சீசன் என்று காரணங்களும் வழக்கம்போல வந்தன. ஒரே ஒரு எஸ்டேட் மையத்தில் மட்டும் எடை இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியும் இருந்தது. மேலே இருந்தவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லா மையத்திலும் குறையும்போது இங்கே மட்டும் எப்படிக் கூடியது, பொய் எடை ஏற்றியிருக்கிறார்களா என்று நேரில் போய்ச் சரிபார்க்க உத்தரவு வந்தது. நல்ல சேதிக்கும் விளக்கம் கேட்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மே மாதம் அதிகாரியே ஜீப்பில் வந்தார். என்னையும் ஏற்றிக்கொண்டார். ஊட்டியில் மலர்க் கண்காட்சிக் கூட்டம், வண்டி நகர மத்தியானமாகிவிட்டது. மஞ்சூர் பக்கம் காலையிலேயே கோடை மழை பெய்து குளிர்ந்திருந்தது. பிள்ளைகள் மறுபடி ஸ்வெட்டருக்குள் இருந்தார்கள். டீச்சர் வணக்கம் சொன்னார். முகத்தில் ஒன்றும் இல்லை. மெஷினைச் சமையலறைக்குக் கொண்டுபோகவில்லை, கூடத்தின் நடுவிலேயே வைத்தார். ஒரு மெமோ போதும் என்று நினைத்திருப்பார்.

அதிகாரி போனில் பட்டியலைத் திறந்து, நவம்பரில் சிவப்பாக இருந்து இப்போது பச்சையாகியிருக்கும் குழந்தையை முதலில் கூப்பிடச் சொன்னார். சந்தேகம் இருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும், அவர் கணக்கு சரிதான். கடைசி வீட்டுப் பெண் எழுந்து வந்தது. மெஷினைப் பார்த்தது. யாரும் கழற்றச் சொல்லவில்லை. அது பாட்டுக்குக் குல்லாவைக் கழற்றியது. இரண்டு கையையும் மேலே தூக்கி வெளி ஸ்வெட்டரை இழுத்துக் கழற்றியது. உள் ஸ்வெட்டர் தலையில் மாட்டிக்கொண்டது, ஆயா இழுத்துவிட்டார். எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து, பக்கத்தில் நின்ற பெரிய ஆள் என்பதால் அதிகாரியின் கையில் கொடுத்தது. பிறகு மெஷினில் ஏறி, கையை ஒட்டவைத்துக்கொண்டு நேராக நின்றது. இந்த மையத்தில் எடை என்றால் அப்படித்தான் என்று அது நினைத்திருந்தது.

எண் நின்றது. போனில் இருந்த எடைக்கு மேலே கொஞ்சம் இருந்தது. பச்சை.

அதிகாரி அந்தத் துணிகளை வைத்துக்கொண்டு நின்றார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையை லேசாக ஏற்றி இறக்கிப் பார்த்தார், மார்க்கெட்டில் காய் வாங்குகிறவர் பார்ப்பதுபோல. அத்தா கடையில் நிறைய பேர் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன். குழந்தை இறங்கி வந்து கையை நீட்டியது. அவர் திருப்பிக் கொடுத்தார். இன்னும் சில குழந்தைகளை நிறுத்தார்கள். எல்லாம் ஒத்துப்போயிற்று.

"அடுத்த மாசத்திலேயிருந்து எல்லா மையத்திலயும் இப்படித்தான் எடுக்கணும்" என்றார் என்னிடம்.

டீச்சர் கதவோரம் நின்றிருந்தார்.

"அப்பன்னா எல்லாருக்கும் மெமோ வருமுங்களா ஐயா?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதிகாரியும் உண்மையாகவே பதில் சொன்னார்.

"எல்லாரும் சேந்து செஞ்சா அதுக்கு மெமோ கிடையாதும்மா. அதுக்குப் பேரு சுற்றறிக்கை."

டீச்சர் சரிங்க என்றார். நாங்கள் கிளம்பும்போது சோலை ஓரத்தில் காட்டெருமை நிற்கிறது, பார்த்துப் போங்கள் என்று ஆயா சொன்னார். ஜீப்பில் இருந்ததால் எங்களுக்கு ஒன்றுமில்லை. டிரைவர் ஹாரன் அடிக்காமல் மெதுவாகக் கடந்தார், அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது. டீச்சருக்கு மையம் முடிய இன்னும் நேரம் இருந்தது. சாயங்காலம் அவர் அந்த வழியாகத்தான் நடந்து வர வேண்டும்.